அம்மா காம்ப் போகிறாள்!

உத்தியோகஸ்தர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் 'காம்ப்' என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. வாசலில் யாராவது வந்து, "அப்பா இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். "இல்லை மாமா, காம்ப் போயிருக்கிறார்" என்று குழந்தை பதில் சொல்லும். சொல்லும்போதே அதன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அப்பா ஊரில் இல்லையென்றால் கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டாம். இரவில் அம்மா தோசையோடு நிறுத்திக்கொள்வாள். காம்ப் முடிந்து திரும்புகிற அப்பா வடக்கே போனவராயிருந்தால், கூடவே நாக்பூர் ஆரஞ்சுக் கூடை ஒன்றும் வந்து இறங்கும்.

காம்ப் போகிற அப்பா செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: போக வேண்டியது. மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். ஹோல்டாலில் தலையணை வைத்தாயிற்றா, கூஜாவில் தண்ணீர் நிரப்பியாயிற்றா, வேஷ்டி எத்தனை, இருமல் மருந்து எந்தப் பையில் எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்பதுகூடப் பெட்டிக்கு உடையவருக்குத் தெரியாது.

இப்போது அம்மாவும் காம்ப் போகிறாள். வங்கிக் கிளை ஆய்வு, தணிக்கை, பயிற்சி வகுப்பு, வழக்கு விசாரணை என்று காரியாலயம் அவளையும் ஊர் ஊராக அனுப்புகிறது. அவள் பெட்டியை யார் கட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனோம். 1873-ல் எழும்பிய அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு 2019-ஆம் ஆண்டிலிருந்து புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் 'சென்ட்ரல்' என்று சொன்னால்தான் வண்டி நகருகிறது.

டில்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குக் கிளம்புகிறது. 1976-ல் விடப்பட்ட வண்டி. சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும். ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய் காலை டில்லியில் குளித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடலாம். ஆகாய விமானம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் விமான டிக்கெட் எந்தப் பதவிக்கு, ரயில் டிக்கெட் எந்தப் பதவிக்கு என்று காரியாலயங்களில் சட்டம் இருக்கிறதே!

பிளாட்பாரத்தில் நாம் முதலில் பார்த்தது ஒரு வங்கி அதிகாரியை. வயது நாற்பத்திரண்டு. பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பக்கத்தில் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். தோளில் ஒரு பை, காலடியில் சக்கரம் வைத்த பெட்டி.

"பெட்டியை யார் கட்டினார்கள்?" என்று கேட்டோம்.

"பெட்டியா? அது பத்து நிமிஷ வேலை. ஆட்டோ வருவதற்குள் கட்டிவிட்டேன். வீட்டைக் கட்டுவதற்குத்தான் மூன்று நாள் ஆயிற்று" என்றார்.

வீட்டைக் கட்டிய விவரம் இது. வெள்ளிக்கிழமை இரவு தோசை மாவு அரைத்தார். சனிக்கிழமை புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. ஞாயிறு காலை காய்கறி நறுக்கித் தனித் தனி டப்பாவில் அடைத்து, திங்கள், செவ்வாய், புதன் என்று சீட்டு ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தார். மகளுடைய பள்ளிச் சீருடை ஐந்து ஜோடிக்கு இஸ்திரி. மாமியாருடைய மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்துப் பொட்டலம். இவ்வளவும் முடித்து, போன மாதத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு லிஸ்ட் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மோட்டாரை நிறுத்த மறக்காதீர்கள் என்று தொடங்கி, ராத்திரி தயிருக்கு உறை ஊற்றவும் என்று முடிகிறதாம்.

"படித்துப் பார்த்தீர்களா?" என்று கணவரிடம் கேட்டோம்.

"பார்த்தேன். பயமாயிருக்கிறது" என்றார் அந்த நல்ல மனிதர்.

மகள் சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்புக்கு நடுவில் அவர் சொன்ன ஒரு விஷயம் சிரிக்கும்படியாக இல்லை. இதற்கு முன் இரண்டு தடவை அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இரண்டு தடவையும், "வேண்டாம்" என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். மேல் பதவிக்குப் போனால் கிளை ஆய்வுக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூர் சுற்ற வேண்டும். முதல் தடவை குழந்தைக்கு இரண்டு வயது. இரண்டாம் தடவை மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பையன் இன்று அவருடைய லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரி.

"அதைப் பற்றி வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்" என்றார்.

மூன்றாம் தடவை வந்தபோதும் எழுதிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தாராம். அப்போது மாமியார் உள்ளேயிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார். உள்ளே, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு காகிதம். 1968-ல் தர்மபுரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு வந்த உத்தரவு. கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதாவது என்று தகப்பனார் மறுத்துவிட்டார். அந்தக் காகிதம் மட்டும் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வந்து, மூன்று வாடகை வீடுகள் மாறி, இத்தனை வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"நீ என்னைக் காரணம் சொல்லி எழுதிக் கொடுக்காதே. என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம் மாமியார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லையாம்.

குடும்பத்தைக் காட்டிப் பெண்களை நிறுத்தியது வீடு மாத்திரம் அல்ல. சர்க்காரும் நிறுத்தியது. அன்னா ராஜம் 1951-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அவர் ஓசூரில் சப்-கலெக்டராக இருந்தார். சப்-கலெக்டர் உத்தியோகம் என்றால் பாதி நாள் காம்ப்தான்! இந்திய வெளிநாட்டுப் பணியில் 1949-ல் முதல் பெண்மணியாகச் சேர்ந்தவர் சி. பி. முத்தம்மா; சென்னையில் படித்தவர். அந்தப் பணியில் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். செய்துகொண்டபின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசாங்கம் நினைத்தால் ராஜினாமா கேட்கலாம் என்று விதி இருந்தது. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். குடும்பப் பொறுப்பு பெண்ணுக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கு மட்டும் ஆகாதா என்று 1979-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் கேட்டார். ஏட்டிலிருந்த விதிகள் போய்விட்டன. அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கும் லிஸ்ட் போகவில்லை.

அந்த லிஸ்டைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; சொன்னால் சில சகோதரிகள் கோபித்துக்கொள்ளலாம். மாமியார் மாத்திரைக்குச் சீட்டு எழுதுங்கள், நியாயம். மூன்று நாள் காய்கறியையும் நறுக்கி வைப்பானேன்? நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளைக்குக் கத்தரிக்காய் நறுக்க இரண்டு கையும் இருக்கின்றனவே! மாவு இல்லாவிட்டால் ரவை உப்புமா கிண்டட்டும், அடிபிடித்தால் அடிபிடிக்கட்டும்.

வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு வேறு விஷயம். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை, ஆசைதான் உண்டு. இப்போது கைபேசியில் சொன்னால் நடுவழி ஸ்டேஷனில் சாப்பாடு இருக்கைக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் அன்று பிளாட்பாரத்தில் பாதிப் பைகளிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. மூன்று நான்கு பேரிடம் பக்குவம் விசாரித்தோம். கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொன்னார்கள். முதல் இரவு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது. மறுநாள் காலைக்கு இட்லி: நன்றாக ஆறிய பிறகு, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். மத்தியானத்துக்குத் தயிர் சாதம். அதைத் தயிர் விட்டுப் பிசையக்கூடாது. குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்து மூடிவிட்டால், நாக்பூர் வருவதற்குள் தானே உறைந்திருக்கும், புளிக்காது. கோடைக்காலமானால் இந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாம், புளியோதரைதான் உத்தமம். தேங்காய் சேர்ந்த எதுவும் ஆகாது. நாலு இட்லி கூடுதலாகவே வையுங்கள். உடன் வரும் ஆண் சகாக்கள் வெறுங்கையோடுதான் ஏறுவார்கள். பல்லார்ஷா தாண்டுவதற்குள் உங்கள் பொட்டலத்தின்மேல் அவர்கள் கண் விழும்.

அடுத்த பெட்டி வாசலில் ஒரு பெரியம்மாள் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. பயிற்சி வகுப்புக்குப் போகும் மகளை ஏற்றிவிட வந்தவர். அவரே தணிக்கை இலாகாவில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் அவரைச் சுற்றிக்கொண்டோம்.

"எங்கள் காலத்தில் டில்லிக்கு ஜி.டி.தான்" என்று ஆரம்பித்தார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸைத்தான் சொல்லுகிறார். 1929-ல் அந்த வண்டி முதலில் ஓடியபோது பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவில் ஓடியதாம். நாலு நாளுக்கு மேல் பிரயாணம். அம்மையார் 1973-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அது டில்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

"தணிக்கைப் பார்ட்டியில் நாலு பேர். மூன்று பேர் ஆண்பிள்ளைகள். சின்ன ஊர்களுக்குப் போனால் தனியாக வந்த பெண்ணுக்கு லாட்ஜில் ரூம் கொடுக்க மாட்டார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வீட்டுத் திண்ணையறையில் படுத்துக்கொள்வேன். ரயிலில் தண்ணீரே குடிக்க மாட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?"

வேண்டாம். இன்றும் ஏராளமான பெண்கள் அதே காரணத்துக்காகப் பிரயாணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. அதுவும் நீண்ட பிரயாணத்தில் அப்படிச் செய்வது உடம்புக்கு நல்லதில்லை என்று வைத்தியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கழிப்பிடம் சுத்தமாக இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காமல் 139-க்குப் புகார் சொல்லுவது மேல்.

டில்லி போய்ச் சேர்ந்ததும் அம்மையார் செய்யும் முதல் காரியம், சுகமாக வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்குத் தந்தி கொடுப்பது. அந்தத் தந்தி வரும் வரையில் வீட்டில் மாமனார் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பாராம். தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது மகள் கூடூர் தாண்டினால் ஒரு செய்தி, விஜயவாடா வந்தால் ஒரு செய்தி என்று கைபேசியில் அனுப்புகிறாள். "எனக்குத்தான் நடுராத்திரி தூக்கம் போகிறது" என்று அலுத்துக்கொண்டார் பெரியம்மாள். கவனித்தோம், கைபேசியை மடிசஞ்சி மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மகளுக்கு நாற்பத்தேழு வயது. கீழ்ப் படுக்கை கிடைத்திருந்தது. நம் வங்கி அதிகாரிக்கு மேல் படுக்கை. நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கு, அவர்கள் கேட்காவிட்டாலும், காலியிருந்தால் கீழ்ப் படுக்கை தர வேண்டும் என்பது ரயில்வே ஏற்பாடு. "இன்னும் மூன்று வருஷம் ஏணி ஏற வேண்டும்" என்று பெருமூச்சு விட்டார். வயது கூடுவதைப் பெண்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் இடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது!

டிக்கெட் விஷயத்தில் காம்ப் போகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2024 நவம்பரிலிருந்து அறுபது நாளைக்கு முன்பே பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் நூற்றிருபது நாள் இருந்தது. ஆனால் எந்தக் காரியாலயம் அறுபது நாள் முன்னால் உத்தரவு போடுகிறது? வியாழக்கிழமை சாயங்காலம், "ஞாயிற்றுக்கிழமை கிளம்பு" என்பார்கள். பிறகு தத்கால்தான் கதி. கிளம்புவதற்கு முதல் நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை பத்து மணி, சாதாரண வகுப்புக்குப் பதினொரு மணி. பத்து மணி என்றால் பத்து மணி. குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்பி வருவதற்குள் தீர்ந்துவிடும். நீண்ட தூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் பெண்களுக்கென்று ஆறு இடங்கள் தனியே ஒதுக்கியிருக்கிறது. பதிவு செய்யும்போது 'லேடீஸ் கோட்டா' என்று குறித்தால் போதும். பல பேர் குறிப்பதில்லை.

தனியாகப் போகும் பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண் 139. ரயில்வே உதவிக்கான தொலைபேசி எண் அது. வேடிக்கை என்னவென்றால், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்திலும் 139-ஆம் பிரிவுதான் பெண்களுக்குக் காவல். ஆண் துணையில்லாமல் போகும் பெண்ணிடம் டிக்கெட் இல்லை என்றாலும்கூட, அவளை நடுராத்திரியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. பகல் வேளையில், ஜங்ஷன் அல்லது ஜில்லாத் தலைநகர் போன்ற பெரிய ஸ்டேஷனில்தான் இறக்கலாம். 2020-லிருந்து 'மேரி சஹேலி' என்று ஓர் ஏற்பாடும் இருக்கிறது. 'என் தோழி' என்று அர்த்தம். ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண்கள் வண்டி கிளம்பும் இடத்தில், தனியாகப் போகும் பெண்களிடம் பேசி, இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, வழி ஸ்டேஷன்களுக்குத் தெரிவிக்கிறார்கள்.

பத்து மணி அடித்தது. வண்டி நகர்ந்தது. நம் வங்கி அதிகாரியின் கணவர் ஜன்னலோடு நாலு அடி நடந்தார். "மோட்டார்..." என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மற்றது காதில் விழவில்லை. ஆண்பிள்ளை பிளாட்பாரத்தில் நின்று கையசைக்க, பெண்பிள்ளை வண்டியில் போகும் காட்சிக்கு அவருக்கு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை. கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் சிவப்பு விளக்கு மறையும் வரையில் தூக்கிக்கொண்டே நின்றார். மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அந்த அம்மாளுக்கு டில்லிக்குப் போன் செய்து, பிரயாணம் எப்படி என்று விசாரித்தோம். ஆய்வு வேலையைப் பற்றிச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் திங்கட்கிழமைப் பகலைப் பற்றித்தான் சொன்னார்.

வாரங்கல் தாண்டியபோது விழித்துக்கொண்டாராம். மணி ஏழரை. யாரும் காபி கேட்கவில்லை. அதுவே முதலில் ஒரு மாதிரி இருந்ததாம். எதையோ மறந்துவிட்டது போல. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு இட்லியாக, சூடு ஆறிவிடுமே என்ற அவசரம் இல்லாமல் (ஆற என்ன இருக்கிறது?) ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாராம். கோதாவரி வந்தது. எதிரே இருந்த பாட்டி கும்பிடச் சொன்னாள்; கும்பிட்டார். பல்லார்ஷாவுக்கு அப்புறம் பருத்திக் காடுகள். கையில் எடுத்துப் போன தொடர்கதைப் புத்தகத்தில் இருபது பக்கம் படித்தார். நாக்பூரில் தயிர் சாதம், ஊறுகாய். பிறகு தூங்கினார். மத்தியானம் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில், மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூங்கியதுதான் கடைசி என்று ஞாபகம் வந்ததாம். விழித்தபோது இடார்சி. பொழுது சாயும் வேளையில் நர்மதைப் பாலம். அப்புறம் இருட்டு, மலைச் சரிவு, போபால்.

"ஒரு நாள் முழுக்க யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை" என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது போல இருந்தது. டில்லி லைன் கோளாறாகவும் இருக்கலாம்.

"வீட்டில் எப்படி?" என்று கேட்டோம்.

"தோசை மாவைத் தொடவே இல்லையாம். நறுக்கி வைத்த காயும் அப்படியே இருக்கிறதாம். என் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் ரசம் வைத்தாராம். பெண் நேற்று ராத்திரி போனில் சொல்லுகிறாள்: அம்மா, அப்பா ரசம் ரொம்ப நன்றாயிருந்தது, இரண்டு தடவை விட்டுக்கொண்டேன் என்று."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்றார். அடுத்த நிமிஷம், "ஆனால் இவ்வளவு நாளும் என் ரசத்தை அவள் ஒரு தடவைதான் விட்டுக்கொள்வாள். புளி எவ்வளவு போட்டார் என்று கேட்டிருக்கிறேன்" என்றார்.